சமனாக விழுந்த சீட்டு

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஒருவரை வந்த முதல் கிழமையிலேயே வெறுத்துவிட்டேன். மற்ற நால்வரை வெறுக்க எனக்கு ஒன்றரை வருஷம் எடுத்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கிட்ட, எங்கள் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரரையும் வைத்து வாழ்வதைச் சமறி என்போம். எங்களுடையதும் ஒரு சமறிதான். அதற்கு ஒரு செக்ரட்டரி இருந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளார்க். ஐம்பதை நெருங்கியவர். மனைவி பிள்ளைகள் ஊரில். விடிய ஐந்து மணிக்கு மிதியடியோடு கிணற்றடிக்குப் போவார். அந்தக் கட்டைச் சத்தத்தில் வீடு முழுக்க எழும்ப வேண்டும். யாராவது புரண்டு படுத்தால், "உத்தியோகம் பாக்கிற ஆக்களோ, மாப்பிளை வீட்டுக்கு வந்த ஆக்களோ?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று அவர் விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன படிச்சனீர்?"

"லண்டன் மற்றிக்குலேஷன்."

"அதுக்கு மேல?"

"இல்லை."

"அப்ப அந்தப் பின்னறை போதும்."

பின்னறை வாளிக் கக்கூசுக்குப் பக்கத்தில் இருந்தது. காற்று கடலிலிருந்து வீசினால் தாங்கலாம். மற்றப் பக்கத்திலிருந்து வீசினால் சாப்பாடு இறங்காது. அந்த அறையில் என்னோடு ஒரு மாஸ்டர் இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழும் சைவசமயமும் படிப்பித்தவர். சண்டை எங்கே நடந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போய்விடும் சுபாவம். முன்னறையில் தந்திக் கந்தோரில் வேலை செய்த ஒருவர். தடித்த உடம்பு, ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும் இளைப்பு வருத்தம் உள்ளவர். நடு அறையில் ஒரே ஊர்க்காரர் இருவர். ஒருவர் தொடங்கிய வசனத்தை மற்றவர் முடித்துவைப்பார். ஆறாவது ஆளான செக்ரட்டரிக்குக் கடல் காற்று வரும் தனி அறை.

அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்குத்தான். காலி வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் எங்கள் கூப்பன்களைப் பதிந்திருந்தோம். ஞாயிறு காலையில் ஒருவர் ஆறு பேருடைய கூப்பன்களையும் கொண்டுபோய்க் கியூவில் நின்று எடுத்துவர வேண்டும். சமையல்காரர் அன்று பாதி நாள் லீவு. அந்த ஞாயிற்றுக் காலைதான் எங்களுக்கிருந்த ஒரே நிம்மதியான பொழுது என்பதால், அதை இழக்க ஒருவரும் விரும்பவில்லை. நான் வருவதற்கு முன் முறை வைத்துப் பார்த்தார்களாம். ஊருக்குப் போனவனுடைய முறை யாருக்கு, காய்ச்சலில் கிடந்தவன் எப்போது திருப்பிச் செய்வது என்று மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் செக்ரட்டரி சீட்டு முறையைக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பின்னேரம் தேத்தண்ணி குடிக்க எல்லோரும் விறாந்தையில் கூடுவோம். ஆறு பேருக்கும் ஆறு இலக்கம். ஆறு கடதாசித் துண்டுகள் ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் கிடக்கும். செக்ரட்டரி பேணியைக் குலுக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை விட்டு ஒன்றை எடுத்து வாசிப்பார். அந்த இலக்கக்காரர் மறுநாள் கியூவுக்குப் போவார். அவ்வளவுதான். அந்தப் பேணியைப் பற்றி ஒருவரும் முறைப்பட்டதில்லை. உப்புக் கூடியது, குளியலறை ஈரம், பேப்பரை யார் கிழித்தது என்று மற்ற எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் சண்டை நடந்தது. பேணிக்கு மட்டும் எல்லோரும் அடங்கினார்கள்.

நான் வந்து ஒரு வருஷம் முடிந்தபோது செக்ரட்டரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தனீங்களே, இந்த வருஷம் ஆறு பேரும் எட்டுத்தரம் இல்லாட்டி ஒன்பதுதரம்தான் போயிருக்கிறம். ஒருத்தருக்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆண்டவன்ர கணக்கு."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

பிறகு, அடுத்த வருஷத்தின் தொடக்கத்தில், எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண் வீட்டார் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். தகப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பெண் ஒரு கொன்வென்றில் படிப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் நல்ல நேரம், வந்து பார்க்கலாம் என்று உறவினர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார்கள். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை நான் எல்லோருக்கும் சொன்னேன். சந்தோஷத்தில் சொன்னேன். ஊர்க்காரர் இருவரும் பகிடி பண்ணினார்கள். செக்ரட்டரி மீன் முள்ளை எடுத்து வைத்துக்கொண்டு, "கொட்டாஞ்சேனையோ? நல்லது நல்லது" என்றார்.

சனிக்கிழமை பேணியிலிருந்து வந்தது என்னுடைய இலக்கம்.

"அண்ணை, நாளைக்கு நான் கொட்டாஞ்சேனைக்குப் போக வேணுமல்லோ. எனக்குப் பதிலா மாஸ்டர் போறன் எண்டு சொல்லுறார்."

"மாஸ்டருக்கு நல்ல மனம். ஆனா சீட்டு சீட்டுத்தான்."

"ஒரு நாளைக்கு மாத்தினா என்ன?"

"இண்டைக்குப் பொம்பிளை பாக்க எண்டு மாத்துவம். அடுத்த கிழமை ஒருத்தர் படம் பாக்க எண்டு கேப்பார். பிறகு என்னத்துக்குத் தம்பி சீட்டு? விழுந்தது விழுந்ததுதான். இதில ஆரோடயும் கோவிக்க ஏலாது. அதுதான் சீட்டின்ர அழகு."

மாஸ்டர் எழும்பி உள்ளே போய்விட்டார். நான் மல்லுக்கட்டவில்லை. பட்டாளக்காரர் நிறைந்த கொழும்பில் அறை கிடைப்பது பெரும்பாடு என்பது ஒரு காரணம். உண்மையான காரணம், நானும் பேணியை நம்பினேன் என்பதுதான்.

விடியற்காலையில் போய்க் கியூவில் நின்றேன். கடை திறக்கும் நேரத்துக்குத் திறந்தது, ஆனால் அரிசி லொறி வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற சிங்கள அம்மா ஒருத்தி தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டாள். லொறி வந்தபோது நல்ல நேரம் தொடங்கியிருந்தது. அரிசியைத் தோளில் சுமந்து வீட்டில் போட்டுவிட்டு, குளித்து, உடுத்து, பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்ராம் பிடித்து, இறங்கி நடந்து அந்த வீட்டுப் படியில் ஏறியபோது ஒரு மணியாகிவிட்டது. என்னைக் கூட்டிப்போவதாக இருந்த உறவினர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெண்ணின் தகப்பன் கை கழுவிய ஈரத்தோடு வாசலுக்கு வந்தார்.

"நாங்கள் சாப்பிட்டிட்டம்," என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

கியூவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"யுத்த காலம். எல்லாருக்கும் கியூதான் தம்பி. நேரம் எண்டு ஒண்டு இருக்குத்தானே."

உள்ளே யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. அது அவளா, தாயா என்று எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்க்கவேயில்லை. சில மாதங்களில் அவள் கல்கிசையில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் அதற்காக அப்போது ஒருவரையும் திட்டவில்லை. செக்ரட்டரி சொன்னதுபோல, சீட்டோடு யார் கோபிக்க முடியும்? என் தலைவிதி, பேணியில் அப்படி விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதலைத்தான் பிறகு என்னிடமிருந்து பறித்தார்கள்.

எனக்கு வேலை கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், அதாவது இன்ஷூரன்ஸில். நட்டஈடு கேட்டு வரும் கடிதங்களைப் பதிவது என் பாடு. அந்த மேசையில் ஆறு மாதம் இருந்த எவனுக்கும் ஒன்று தெரியும்: கெட்டது சமனாக வராது. ஒரு மாதம் முழுக்க ஒரு சாவும் இருக்காது. அடுத்த மாதம் ஒரே கிழமையில் நாலு வரும். ஒரு தெருவில் வருஷக்கணக்காக நெருப்பு இல்லை, பிறகு அடுத்தடுத்து இரண்டு கடை எரியும். புதிதாக வருபவர்கள் இதில் ஏதோ சதி இருப்பதாக நினைப்பார்கள். பழகியவர்கள் இப்படிக் குவிந்தும் ஐதாகியும் வருவதைத்தான் இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் கண்ணாடிச் சாமான் இறக்குமதி செய்யும் ஒருவருடைய கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கப்பலிலும் அவருக்கு இரண்டு பெட்டி உடைந்திருந்தது. இந்தக் கப்பலில் இரண்டு, போன கப்பலில் இரண்டு, அதற்கு முந்தியதில் இரண்டோ மூன்றோ. எனக்கு எதிரே இருந்தவர் கடிதத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இந்த மனுஷன் பெட்டியைத் திறந்து பாக்கவேயில்லை. வீட்டில இருந்து எழுதுறார். உண்மையா உடையிறது இப்பிடி ஒழுங்கா உடையுமோ?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே செக்ரட்டரி சொன்னது நினைவுக்கு வந்தது. எட்டுத்தரம் அல்லது ஒன்பதுதரம். ஒருத்தருக்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அன்று பின்னேரம் ஒரு கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனேன். அந்த வருஷம் முழுக்க, ஒரு ஞாயிறு போனவர் அடுத்த ஞாயிறும் போக நேர்ந்ததுண்டா? எனக்கு நடந்ததில்லை. மாஸ்டரைக் கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்றார். தந்திக்காரரைக் கேட்டேன். "இல்லைக் காணும், ஒருக்காப் போனா பிறகு நாலு கிழமையாவது நிம்மதி" என்றார். ஊர்க்காரர் இருவரும் ஒரே மூச்சில் இல்லை என்றார்கள்.

மாஸ்டரிடம் ஒரு லூடோப் பெட்டி இருந்தது. அதிலிருந்த கட்டைக்கு ஆறு முகம், எங்கள் வீட்டிலும் ஆறு பேர். குசினியிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்துவந்து, பாயில் இருந்து கட்டையை உருட்டினேன். எந்த இலக்கம் விழுகிறதோ அந்த இடத்தில் ஒரு கொட்டை வைத்தேன். ஒரு வருஷத்து ஞாயிறுகள் எத்தனையோ அத்தனை உருட்டல். முடிந்ததும் பார்த்தால் ஒரு குவியலில் பன்னிரண்டு, இன்னொன்றில் ஐந்து. ஒரே இலக்கம் அடுத்தடுத்து விழுந்தது எத்தனையோ தடவை. மூன்றாம் இலக்கம் தொடர்ந்து மூன்று முறை விழுந்தது. கொட்டைகளை அள்ளிவிட்டு மறுபடியும் உருட்டினேன். குவியல்கள் இடம் மாறின, ஆனால் சமனாகவில்லை. அந்தக் கிழமை முழுக்க உருட்டினேன். எட்டும் ஒன்பதுமான குவியல்கள்தான் அதிகம். ஏழும் பத்தும் அதற்கு அடுத்தபடி. ஐந்தும் பதின்மூன்றும் எப்போதாவது. இரண்டோ பதினேழோ காணக் கிடைக்கவில்லை. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்துபோகும் ஒரு மேடு மாதிரி இருந்தது அது. அதற்குப் பரம்பல் என்று தமிழில் ஒரு சொல் உண்டு என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். சொல் இல்லாமலே விஷயம் விளங்கிவிட்டது. எட்டு அல்லது ஒன்பது வருவது ஒருவருக்கு அதிசயமில்லை. ஆறு பேருக்கும் ஒரே வருஷத்தில் எட்டும் ஒன்பதுமாகவே வருவதுதான் அதிசயம். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன கிழமை யார் போனார் என்று அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பேணிக்குத் தெரிந்திருந்தது.

கந்தோரில் ஒரு மத்தியானம் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆள் அடுத்தடுத்து வராமல் இருக்க ஆறுக்கு ஐந்து சந்தர்ப்பம். அதை வருஷம் முழுவதற்கும் பெருக்கிக்கொண்டே போனால், எங்கள் வீட்டைப் போலப் பத்தாயிரம் வீடுகளில் சீட்டுப் போட்டால் ஏதோ ஒரு வீட்டில் நடக்கும். அந்த ஒரு வீடு எங்களுடையது என்று நம்ப நான் தயாராக இல்லை.

"ஆறு பேருக்கும் சமனா வந்தா நல்லதுதானே. நீர் ஏன் இதைப் போட்டு உருட்டுறீர்?" என்றார் மாஸ்டர். அவருடைய தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தது.

"சமனா வந்தது எண்டா ஆரோ சமனா வைக்கினம், மாஸ்டர்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த சனிக்கிழமை வேலை விட்டு வரும் வழியில் நானாவின் கடையில் நெருப்புப்பெட்டி வாங்க நின்றேன். நாளைக்குக் கியூ எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று சும்மா கேட்டேன்.

"நாளைக்கி ஒண்டுமில்லியே. ஸ்டோர்ல இருந்து அரிசி வாரல்ல. செவ்வாக்கிழமதான்," என்றார் நானா. "ஒங்கட பெரியவருக்கு நேத்தே சொல்லிட்டேனே. அவர் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வந்து கேட்டுட்டுத்தானே போறவர்."

அன்று பின்னேரம் பேணியிலிருந்து செக்ரட்டரியின் இலக்கம் வந்தது. "ஆ, நான்தானோ. சரி, போய்ப் பாப்பம்," என்றார். மறுநாள் அவசரமில்லாமல் எழுந்து, கடைவரை நடந்துபோய், வெறுங்கையோடு திரும்பிவந்து, "ஸ்டொக் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு ஈஸிசெயரில் சாய்ந்தார். செவ்வாய்க்கிழமை அரிசிக்குச் சமையல்காரரை அனுப்பினார். அவர் போன மற்ற ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தேன். எத்தனை முறை ஸ்டொக் இல்லையென்று திரும்பியிருக்கிறார்! எட்டோ ஒன்பதோ தடவை அவரும் போனது உண்மைதான். கியூவில் நின்றதை ஒருவரும் கண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் பேணியை எடுத்தபோது நான் சொன்னேன்: "அண்ணை, இனி அவரவர் சீட்டை அவரவர் எடுப்பம். அஞ்சு வெறும் கடதாசி, ஒண்டில பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. புள்ளடி எடுத்தவர் போகட்டும்."

"ஏன், என்னில சந்தேகமோ?"

"ஓம்."

தந்திக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன காணும் கதைக்கிறீர்? எல்லாருக்கும் சமனாத்தானே வந்திருக்கு?"

"அதுதான் சந்தேகம்."

ஊர்க்காரர் இருவரும் சிரித்தார்கள். நான் கட்டையையும் கொட்டையையும் பற்றிச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக் கதையையும் சொன்னேன். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வருவதுதான் நேர்மையான சீட்டின் அடையாளம் என்று சொன்னபோது செக்ரட்டரி கையைத் தட்டினார்.

"கேட்டீங்களே! நீதியா நடந்தால் களவாம். அநியாயம் நடந்தால்தான் நேர்மையாம். காப்புறுதிக் கம்பனியில இதைத்தான் படிப்பிக்கிறாங்கள்."

"வெள்ளிக்கிழமையில நானாட்டை என்ன கேக்கப் போறனீங்கள்?"

அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "கடைக்குப் போறது குற்றமோ?" என்றார். ஆனால் பேணியை மேசையில் வைத்துவிட்டார். "சரி. தம்பி சொல்லுற மாதிரியே செய்யுங்கோ. இனி நான் குலுக்க மாட்டன், என்ர சீட்டை மட்டும் எடுக்கிறன்." அவர் இவ்வளவு லேசில் விட்டுக்கொடுத்தது அப்போது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

அன்று புள்ளடி தந்திக்காரருக்கு வந்தது. அடுத்த கிழமை ஊர்க்காரரில் ஒருவருக்கு. மூன்றாம் கிழமை மறுபடியும் தந்திக்காரருக்கு. நாலாம் கிழமையும் அவருக்கே. அந்த ஞாயிறு நல்ல மழை. அவர் நனைந்து இளைத்துக்கொண்டு வந்து அரிசிப் பையை என் அறை வாசலில் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் சனிக்கிழமை வந்தது. ஒவ்வொருவராகக் கை விட்டோம். தந்திக்காரர் தன் கடதாசியை விரித்தார். புள்ளடி.

பேணியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். "என்ன செய்தனீர்? சொல்லும்! கடதாசியில என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. உங்கட கையாலதானே எடுத்தனீங்கள்."

"முந்தி ஒருநாளும் இப்பிடி நடக்கேல்லை!"

"முந்தி நடக்காததுதான் பிழை. இப்பிடி மூண்டுதரம் தொடர்ந்து ஆருக்காவது வாறது ஒரு பதின்மூண்டு பதினாலு வீட்டில ஒரு வீட்டில..."

"நான் வீடு வீடாக் கணக்கெடுக்க வரேல்லை! எனக்கு இளைப்பு வருத்தம். உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு செய்யிறீர்!"

ஊர்க்காரர் இருவரும் எழும்பிவிட்டார்கள். ஒருவர் நான் பொம்பிளை கிடைக்காத ஆத்திரத்தில் வீட்டைக் குழப்புகிறேன் என்று தொடங்க, மற்றவர் அதை முடித்துவைத்தார். மாஸ்டரைப் பார்த்தேன். அவரோடு அறைக்குள்ளே எத்தனையோ நாள் கட்டை உருட்டியிருக்கிறேன். மூன்று முறை தொடர்ந்து விழுந்ததை அவர் தன் கண்ணால் கண்டவர். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "முந்தின மாதிரியே இருந்திருக்கலாம்" என்றார்.

செக்ரட்டரி இவ்வளவு நேரமும் ஈஸிசெயரில் சாய்ந்திருந்தார். இப்போது கேட்டார்: "அப்ப என்ன செய்வம்? நான் எடுக்கிறதோ?"

நாலு பேரும் ஓம் என்றார்கள்.

"அவர் பாத்துப் பாத்து எடுக்கிறவர் எண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்று கத்தினேன்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "ஓம். பாத்துத்தான் எடுத்தனான்," என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. "போன கிழமை போனவரை இந்தக் கிழமை அனுப்பேல்லை. வருத்தக்காரரை மழைக்கு அனுப்பேல்லை. நான் வாய் திறந்து நீ போ எண்டு சொன்னா ஆர் போவீங்கள்? பேணி சொன்னா எல்லாரும் போறீங்கள். அதால, கையில எந்தத் துண்டு வந்தாலும் நான் நினைச்ச இலக்கத்தை வாசிச்சுப் பேணியைக் கொண்டு சொன்னனான்."

ஒருவரும் திகைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. தந்திக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினார், தான் நனைந்த மழையை நினைத்தவர்போல. அவர்களுக்கு முன்பே ஓரளவு தெரிந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

"நீங்கள் ஸ்டொக் இல்லாத நாளில போனதும் வருத்தக்காரருக்காகத்தானோ?"

"எனக்கு வயசில்லையோ?" என்றார்.

"அப்ப அண்டைக்கு, கொட்டாஞ்சேனைக்கு நான் போற அண்டைக்கு, என்ர சீட்டை எடுத்ததும் பாத்துத்தான்?"

அவர் சால்வையை உதறி மறுபடியும் தோளில் போட்டார்.

"ஆராவது ஒருத்தர் போகத்தானே வேணும்," என்றார்.

நான் அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அடிக்காதது நல்ல குணத்தால் இல்லை, இரண்டு ஊர்க்காரரும் நடுவில் நின்றதால். ஒரு சீட்டு என்னை அந்தப் படியில் ஒரு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்று இவ்வளவு காலமும் பொறுத்திருந்தேன். இப்போது அதற்கு ஒரு கை இருந்தது, மோதிரம் போட்ட கை, வியாழக்கிழமை மீன் முள் எடுத்த அதே கை. குருட்டாம்போக்கில் வருவதை மனிதன் எப்படியும் சகித்துக்கொள்வான். பார்த்துச் செய்ததை எப்படிச் சகிப்பது?

அந்த மாத முடிவில் நான் வெளியேற வேண்டும் என்று மற்றவர்கள் தீர்மானித்தார்கள். நான் அதற்கு முன்பே வெளியேறினேன். அந்த இடைநாட்களில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. சமையல்காரர் எனக்குக் கடைசியாகச் சாப்பாடு போட்டார், அதுவும் ஆறிய பிறகு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது மாஸ்டர் மட்டும் ஒழுங்கை முனைவரை வந்தார். "நீர் சொன்னது சரிதான் காணும். ஆனா சரியானதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" என்றார். அதை மேசையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் திரும்பி நடந்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில்தான் எனக்கு அறை கிடைத்தது. ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே. அந்தப் பெண்ணின் வீட்டுத் தெரு வழியாகப் போவதைக் கொஞ்சக் காலம் தவிர்த்தேன். பிறகு அதுவும் ஒரு தெருவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஒருவனுடைய கூப்பனோடு நானே கியூவில் நின்றேன். சில கிழமை லொறி நேரத்துக்கு வரும், சில கிழமை வராது. மூன்று கிழமை தொடர்ந்து வராமலும் இருந்தது. கியூவில் நின்றவர்கள் கடைக்காரரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அங்கே எனக்கு ஒருவரோடும் கோபமில்லாமல் இருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள், கோட்டை ஸ்டேஷனில் யாழ்ப்பாண மெயிலுக்கு நின்றபோது செக்ரட்டரியைக் கண்டேன். பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறாராம். காலியான ஒரு ரயில் பெட்டியின் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"வாரும் தம்பி, இஞ்ச இடம் கிடக்கு. உம்மில எனக்கு ஒரு கோவமும் இல்லை. நீர் கெட்டிக்காரன். ஆனா நாலு பேரோட சீவிக்க உமக்குத் தெரியாது."

"என்ர ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் எடுத்தனீங்கள்," என்றேன்.

"இன்னுமோ அதை வைச்சுக்கொண்டிருக்கிறீர்?" என்று சிரித்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர்போலத்தான் சிரித்தார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு நடந்தேன். அங்கே சனம் நெருங்கியிருந்தது. வவுனியாவரை நின்றுகொண்டு போனேன்.

சில வருஷம் கழித்து அவர் செத்துவிட்டார் என்று மாஸ்டர் சொல்லியனுப்பினார். நான் அப்போது ஊரில்தான் நின்றேன். சைக்கிளில் போனால் அரை மணித்தியால வழி. பழைய சமறிக்காரர் எல்லோரும் வருகிறார்கள், நீரும் வாரும், எல்லாம் முடிஞ்சுபோன கதைதானே என்று சொல்லச் சொன்னாராம். நான் போகவில்லை. அன்று முழுக்க வேலியடியில் விறகு கொத்திக்கொண்டிருந்தேன். போகாததற்கு இன்றுவரை எனக்கு மனவருத்தம் இல்லை.